தண்டையார்பேட்டை மளிகைக் கடையும் அதன் கணக்கு நோட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுபவர் யார்

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்தக் கடையின் வரிக் கணக்கை 2012-லிருந்து பார்க்கிறேன். அதற்கும் முன்னால், எண்ணெய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு இதே கடை வாசலில் நின்ற பையன் நான். அதனால் என்னை முழுக்க வெளியாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன். கடையைத் தொடங்கியவரைப் பெரியவர் என்றும், அவர் மகனை அண்ணாச்சி என்றும், அண்ணாச்சியின் மகனைப் பேரன் என்றும் குறிப்பிடுகிறேன். அண்ணாச்சி என்பது அவருக்கு மட்டும் உரிய பெயரல்ல. தெற்கே இருந்து வந்து மளிகைக் கடை போட்ட எல்லோரையும் சென்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.

வட சென்னையில் ஒரு பழைய கடை சுருங்கினால் காரணமாக மூன்றைச் சொல்வார்கள்: மெட்ரோ வேலை, சூப்பர் மார்க்கெட், செல்போனில் ஆர்டர். இந்தக் கடைக்கும் மூன்றும் வந்தன. கடன் கணக்கு நோட்டை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும்வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னணி: 1964 முதல் 1989 வரை

பெரியவர் 14 வயதில் ரயிலேறி வந்தவர். அவர் ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் பிரித்த பிறகு தூத்துக்குடி மாவட்டம். கொருக்குப்பேட்டையில் சொந்தக்காரர் கடையில் பத்து வருஷத்துக்கு மேல் கடைப் பையனாக இருந்தார். பகலில் பொட்டலம் மடிப்பது, இரவில் அரிசி மூட்டைமேல் படுப்பது. சம்பளம் கையில் வராது, முதலாளியிடமே நிற்கும். தனிக் கடை போடும் நாளில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். முதலாளியும் சொன்னபடி கொடுத்தார். அந்தப் பணத்தில் 1964-ல் டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், தண்டையார்பேட்டைப் பக்கம் சுமார் 300 சதுர அடியில் கடை பிடித்தார்.

இடத்தை அவர் யோசித்துத்தான் பிடித்தார். கிழக்கே நடந்தால் மீனவர்கள் வாழும் காசிமேடு. தெற்கே ராயபுரம், துறைமுகம். வடக்கே எண்ணூர் வரைக்கும் தொழிற்சாலைகள். மூன்று வகைக் கூலியும் அந்த ரோட்டில்தான் போய் வந்தது.

கடை திறந்த சமயத்தில் மெட்ரிக் எடை சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. தராசில் கிலோ கல் இருந்தாலும் வாங்க வருகிறவர்கள் வாயில் வீசையும் பலமும்தான். அரிசியைப் படியிலும் ஆழாக்கிலும் கேட்டார்கள். பெரியவர் காதில் பலம் விழுந்தால் கை தானாகக் கிராம் கல்லுக்குப் போகும்: ஒரு பலம் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. படியில் அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார். முதல் படிக்கு ‘லாபம்’, அப்புறம் இரண்டு, மூன்று. எனக்கு நினைவு தெரிந்து 80-களின் கடைசியிலும் உளுந்து மூட்டை பிரித்தால் அவர் வாயில் ‘லாபம்’ வரும்.

சரக்கு வந்தது கொத்தவால் சாவடிப் பக்கத்திலிருந்து. பருப்பும் மிளகாயும் மல்லியும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடைகளில் எடுத்து, முதலில் கை வண்டியில், பிறகு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தார்கள். மொத்தக் கடைக்காரர் 30 நாள் தவணை கொடுப்பார். அந்த 30 நாள்தான் பெரியவருடைய முதலீடு.

அரிசி வியாபாரம் அரசு முடிவுகளோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 1967-ல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்தபோது மட்ட ரக அரிசி வாங்க ஆளில்லாமல் போனது. பெரியவர் இட்லி அரிசிக்கும் பருப்புக்கும் மாறினார். 2008-ல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம் என்று வந்தபோது அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. அப்பா காலத்திலேயே பழகிய அடி.

நோட்டு எப்படி நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதில் நிற்கிறது.

நீளவாக்கில் கட்டிய கெட்டி அட்டை நோட்டு. ஆயுத பூஜையன்று முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, புது நோட்டு தொடங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் பற்று, அதாவது கடனில் வாங்கியது; வலது பக்கம் வரவு, அதாவது கட்டிய காசு. வாங்குபவர் கையில் ஒரு சின்னச் சிட்டை இருக்கும்; இரண்டிலும் ஒரே தொகை ஏற வேண்டும். பக்கத் தலைப்பில் அசல் பெயர் அபூர்வம். ‘ஐஸ் ஃபேக்டரி சந்து அக்கா’, ‘இரண்டு தென்னை வீடு’, ‘கிரேன் டிரைவர் மாமியார்’ என்றுதான் இருக்கும். கடையில் இருப்பவருக்கு அது போதும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் காசு வரும் நாள் வேறு என்பதுதான் அந்த நோட்டின் உயிர். தொழிற்சாலை ஆட்களுக்கு மாதம் ஒருமுறை. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களுக்கு வாரக் கூலி; சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் அவர்களுக்காகவே கடை திறந்திருக்கும். காசிமேட்டு விசைப்படகு ஆட்களுக்குப் பங்கு. படகு கரைக்கு வந்து, மீன் ஏலம் போய், டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்த பிறகுதான் பங்கு பிரியும். அது ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். 2001 முதல் கோடையில் 45 நாள் மீன்பிடித் தடை வந்தது. 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆனது. அந்த நாட்களில் காசிமேட்டுப் பக்கங்களில் பற்று மட்டுமே ஏறும், வரவு காலியாகக் கிடக்கும்.

பெரியவர் இந்த நாட்களையெல்லாம் மனதில் வைத்திருந்தார். மே மாதம் ஒரு மீனவர் வீட்டில் பாக்கி 2,000 ஏறினால் கேட்க மாட்டார். அதே பாக்கி செப்டம்பரில் நின்றால் ஆள் அனுப்புவார். “கடல் தொறந்தா தானா வரும்ல, இப்பப் போயி என்னத்துக்குக் கேக்க” என்பார். இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. கடன் கொடுத்த வீடு மாத லிஸ்ட் முழுவதையும் அங்கேயேதான் வாங்கும். சோப்பிலும் பிஸ்கட்டிலும் நிற்கும் காசு குறைவு. பருப்பு, மிளகாய், மல்லி, புளி என்ற சாக்குச் சரக்கில்தான் கடைக்காரர் லாபம் பார்க்க முடியும். லிஸ்டில் இருப்பது அந்தச் சரக்குதான்.

1989 முதல் 2016 வரை

1989-ல் பெரியவர் உடல்நலம் குன்றி கல்லாவை மகனிடம் கொடுத்தார். 2009-ல் காலமானார். அண்ணாச்சி நல்ல வியாபாரி, நோட்டை அப்பா விட்ட மாதிரியே நடத்தினார். அதில்தான் சிக்கல் தொடங்கியது, யாருக்கும் அப்போது தெரியவில்லை.

1996-ல் பெரம்பூர் பக்கம் பின்னி மில் மூடியது. அந்த மில் ஆட்கள் இந்தக் கடைக்கு ஏழெட்டுக் குடும்பம்தான். ஆனால் அதை ஒட்டிய ஆண்டுகளில் வடக்கே இருந்த தொழிற்சாலைகளிலும் நிரந்தர ஆட்கள் குறைந்து ஒப்பந்த ஆட்கள் கூடினார்கள். சம்பள நாள் 1-ம் தேதி, 7-ம் தேதி என்று இருந்தது போய், காண்டிராக்டர் கொடுக்கும் நாள் என்றானது. அதே 1996-ல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. மளிகை மொத்தக் கடைகள் அங்கேயே நின்றன. ஆனால் ஒரே நடையில் காய்கறியும் மளிகையும் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் கலைந்துபோனார்கள்.

2013-ல் பேரன் பி.காம். முடித்தான். கடையை உள்ளே போய் எடுத்துக்கொள்ளும் கடையாக மாற்ற ஆசைப்பட்டான். பாதி மாற்றினார்கள். 14 மாதத்தில் பழையபடி மேஜையை வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குச் சீரகம் கேட்பவர்கள் அலமாரிக்கு நடுவே போய் நிற்கக் கூச்சப்பட்டார்கள். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் கடன்தான் மிச்சம்.

2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போனதும் ஆறு வாரத்துக்கு எல்லோரும் கணக்கில்தான் வாங்கினார்கள். அதுவரை கணக்கே வைத்திராத முப்பது வீடுகளுக்கு அப்போதுதான் பக்கம் திறந்தது. அவசரத்துக்குத் திறந்த பக்கங்கள் அவசரம் முடிந்தும் மூடவில்லை.

சாலை குறுகிய காலம்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு வேலை 2016-ல் தொடங்கியது. தண்டையார்பேட்டை வரை சுரங்கம், அதற்கு மேல் தூண். கடை முன்னால் தகரத் தடுப்பு வந்து சாலை குறுகியது. பகலில் சரக்கு வண்டி நிறுத்த முடியாததால் இறக்குவது விடிகாலை நான்கு மணிக்கு மாறியது. எதிர்ப்புறத்து வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பலர் வரவில்லை. என் கணக்குப்படி அந்த ஆண்டுகளில் தினசரி கல்லா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2021 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கி, தடுப்பும் போன பிறகு கூட்டம் பெருமளவு திரும்பி வந்தது. அதனால்தான் மெட்ரோவை முதல் காரணமாக வைக்க மாட்டேன்.

நடுவில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கடையைக் காம்போசிஷன் திட்டத்தில் சேர்த்தோம். பில்லில் வரி போடக் கூடாது, விற்பனையில் ஒரு சிறு பங்கை நாமே கட்டிவிடலாம். பயந்த அளவுக்குத் தொல்லை இல்லை.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அன்று காலை கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பேரன் காகிதத்தைச் சுருட்டிச் சர்க்கரை போட்டான், அடியில் ஒழுகியது. இன்னொன்று சுருட்டினான், அதுவும் ஒழுகியது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் காகிதத்தை வாங்கி, கூம்பாகச் சுற்றி, நுனியை ஒரு திருகு திருகி, சர்க்கரையைக் கொட்டி, வாயை மூன்று மடிப்பாக அழுத்தி, மேலே தொங்கிய நூல் உருண்டையிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து இரண்டு சுற்று சுற்றி அறுத்தார். முழுவதும் ஐந்தாறு நொடி. பேரன் சிரித்தான். அன்று மதியத்துக்குள் அவனும் கற்றுக்கொண்டான்.

ஊரடங்கு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. மளிகைக் கடைக்கு அனுமதி உண்டு, நேரக் கட்டுப்பாடும் உண்டு. தொடக்க மாதங்களில் சென்னையில் தொற்று மிகுந்த மண்டலமாக ராயபுரம் இருந்தது. சந்து சந்தாகத் தகரம் அடித்தார்கள். அப்பா நின்ற கல்லாவுக்குப் பக்கத்தில் பேரன் நின்றான், வேலைப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

விற்பனை அந்த மாதங்களில் கடையின் சரித்திரத்திலேயே அதிகம். கடனும் அதேபோல். தடைக்காலத்துக்கு முன்பே கடல் தொழில் நின்றதால் மீனவர் வீடுகளில் பற்று மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கியது. ஆட்டோ நின்றது, கட்டட வேலை நின்றது. அண்ணாச்சி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அதே நேரத்தில் மொத்தக் கடைகள் தவணையை நிறுத்திவிட்டன: முதலில் 15 நாள் என்றார்கள், பிறகு ரொக்கம் மட்டும். விற்பது கடன், வாங்குவது ரொக்கம். அண்ணாச்சியின் மனைவி நகை இரண்டு முறை அடகுக்குப் போய் வந்தது.

2021 ஜூலை: நோட்டை எண்ணினோம்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு, நானும் பேரனும் அண்ணாச்சியும் நான்கு நோட்டுகளோடு உட்கார்ந்தோம். இரவு பதினொன்று ஆனது. 186 பெயர்கள், மொத்தப் பாக்கி 5,12,000 ரூபாய். அன்று கடையில் இருந்த சரக்கின் மதிப்பு நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. கடையில் இருந்த சரக்கைவிட நோட்டில் இருந்த சரக்கு அதிகம்.

மீனவர் வீடுகள்தான் பெரும் பாக்கி என்று மூவருமே நினைத்திருந்தோம். பிரித்துப் பார்த்தால் 61 மீனவர் குடும்பங்களில் மொத்தமே 74,000. தினக்கூலி, ஆட்டோ, துறைமுக ஆட்கள் 48 பெயர், 96,000. உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள், இரண்டு மூன்று டிபன் கடைகள் என்று 25 பெயர், 1,04,000. மாதச் சம்பளக்காரர்கள் 52 பெயர், 2,38,000.

மாதம் தவறாமல் வங்கியில் சம்பளம் விழும் வீடுகளில்தான் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பாக்கி. அண்ணாச்சி நம்பவில்லை. பக்கங்களைப் புரட்டினோம். அப்போதுதான் பற்றுப் பக்கத்தில் ஏறியிருந்த பொருட்களைக் கவனித்தேன். 2012 வாக்கில் அதே வீட்டுப் பக்கத்தில் துவரம்பருப்பு 3 கிலோ, நல்லெண்ணெய், மிளகாய், புளி என்று ஒரே நாளில் நீளமாக ஒரு லிஸ்ட் இருக்கும். 2021-ல் பிரெட், முட்டை, தயிர், ஒரு கொசுவர்த்தி, மறுபடி பிரெட். லிஸ்ட் காணோம். லிஸ்ட் ரொக்கத்துக்கோ கார்டுக்கோ பெரிய கடைக்குப் போய்விட்டது. மாத நடுவில் மறந்துபோன பொருளுக்கு மட்டும் இந்தக் கடை, அதுவும் கணக்கில். கடன் கொடுக்கிற பாரம் மட்டும் கடையில் தங்கி, கடனுக்கு ஈடாக இருந்த வியாபாரம் வெளியே போயிருந்தது. சூப்பர் மார்க்கெட் ஆளை இழுத்தது உண்மைதான். இழுத்த ஆளுக்கும் நாம் கடன் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை எட்டு வருஷமாக யாரும் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் கணக்கு எழுதிய நானும்தான். எனக்கு விற்பனைத் தொகை வேண்டும், அது யாருடையது என்று நான் கேட்டதில்லை.

மொத்தப் பாக்கியில் சுமார் 1,30,000 மூன்று ஆண்டு தாண்டியது. விற்ற சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். இடையில் கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். மளிகைக் கடை நோட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? யார்மேலும் வழக்குப் போடும் எண்ணம் அண்ணாச்சிக்கு இல்லை என்பது வேறு.

எடுத்த முடிவுகள்

என் யோசனை எளிமையானது: கடனை மொத்தமாக நிறுத்துங்கள். பேரனும் அதையே சொன்னான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “காசிமேட்டுக்காரனுக்கு மே மாசம் கடன் இல்லன்னா ஜூன் மாசம் அவன் எதுக்கு நம்ம கடைக்கு வரணும்?” என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜையில் தொடங்கும் புது நோட்டில் பழைய பாக்கியை ஏற்றுவதில்லை என்று முடிவானது. பழையதை ஆறு தவணையில், வட்டியில்லாமல் கொடுக்கலாம். பாதியை ஒரே தடவையில் கொடுப்பவருக்கு மீதியில் கொஞ்சம் தள்ளுபடி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்த வீட்டுக்குக் காசு வரும் நாளை எழுதுவது: சனிக்கிழமை, 5-ம் தேதி, படகு வந்து மூன்றாம் நாள், ஜூன் 30 என்று. பெரியவர் மனதில் வைத்திருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். மாத லிஸ்ட் இங்கே வாங்காத வீட்டுக்குக் கணக்கு கிடையாது, ரொக்கம். மற்றவர்களுக்கு உச்சவரம்பு 3,000. தடைக்காலத்தில் மீனவர் வீடுகளுக்கு 6,000.

பலகை எழுதி மாட்டுவதா என்று பேச்சு வந்தது. அண்ணாச்சி வேண்டாம் என்றார். ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று மாட்டிய கடைகளில் அந்தப் பலகைக்குக் கீழேயே கடன் நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஐந்து வாரம் ஆனது.

நடந்த தவறு

இந்த நேரத்தில் நோட்டைச் செல்போன் செயலியில் ஏற்றும் வேலையைப் பேரன் எடுத்துக்கொண்டான். நானும் ஊக்கப்படுத்தினேன். செயலிக்குப் பெயரும் போன் எண்ணும் வேண்டும். ‘ஐஸ் ஃபேக்டரி சந்து அக்கா’ என்று ஏற்ற முடியாதா என்றால், முடியும்; ஆனால் எண் ஒரே எண்ணாக இருந்தால் செயலி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அந்தச் சந்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், இருவருக்கும் ஒரே போன். ஒருவர் அன்னக்கூடையில் மீன் விற்கும் அக்கா. அவர் இருபது வருஷமாக ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. இன்னொருவர் அவருடைய நாத்தனார், பாக்கி 4,700.

நவம்பர் மாதம் ஒரு காலை, மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது, கடையில் ஆறேழு பேர். அக்கா கால் கிலோ சர்க்கரையும் டீத்தூளும் கேட்டார். பேரன் போனைப் பார்த்துவிட்டு, “அக்கா, 4,700 நிக்குது, கொஞ்சம் கட்டிட்டு வாங்கிக்கங்க” என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. “நானா? நான் எப்போப்பா பாக்கி வச்சேன்?” என்றார் அக்கா. அவன் போன் திரையைத் திருப்பிக் காட்டினான். அவருக்குப் படிக்கத் தெரியாது. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, சர்க்கரைக்கும் டீத்தூளுக்கும் உண்டான காசைச் சில்லறையாக எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, பொருளை எடுக்காமலே போய்விட்டார்.

அண்ணாச்சி அப்போது வங்கிக்குப் போயிருந்தார். மதியம் வந்து நோட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. பொட்டலத்தையும் காசையும் எடுத்துக்கொண்டு அவரே சந்துக்குப் போனார். அக்கா காசை வாங்கிக்கொண்டார், தண்ணீர் கொடுத்தார், “பரவால்ல அண்ணாச்சி, புள்ள தெரியாம சொல்லிட்டான்” என்றார். கடைக்கு மட்டும் வரவில்லை. அவர் சொல்லி அந்தச் சந்தில் மேலும் நாலைந்து வீடுகள் நின்றன என்று நினைக்கிறேன்.

செயலியை அந்த வாரமே நிறுத்தினார்கள். பேரன் மேல் பழி போடுவது சுலபம். பழைய நோட்டையும் புதுச் செயலியையும் இரண்டு மாதமாவது ஒருசேர நடத்தி, பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருக்க வேண்டும். கணக்கு எழுதுபவனாக அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

என்ன வசூலானது

2022 மார்ச் கடைசிவரை 2,05,000 வந்தது. மீனவர் வீடுகளிலிருந்து 74,000-க்கு 66,000. தினக்கூலி வீடுகளிலிருந்து 51,000. உறவும் தெரிந்தவர்களும் 26,000. இதைப் பற்றி அண்ணாச்சி பேச விரும்பவில்லை. மாதச் சம்பள வீடுகளிலிருந்து 2,38,000-க்கு 62,000. அந்த 52 வீடுகளில் 31 வீடுகள் அதோடு கடைப் பக்கமே வரவில்லை. ரோட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள் என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார். திரும்பி வந்தது பதினொரு வீடுகள், லிஸ்டோடு.

2022 ஜூலையில் ஒரு சின்ன நல்லது நடந்தது. பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத வரி வந்தது. சாக்கிலிருந்து அளந்து விற்றால் வரியில்லை. சாக்குச் சரக்குக் கடைக்கு கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் இடைவெளி கிடைத்தது. அதைச் சொல்லியே சில வீடுகளின் லிஸ்டைத் திருப்பிக் கொண்டுவந்தார் அண்ணாச்சி.

இடமாற்றமும் வெள்ளமும்

ரயில் வந்த பிறகு ரோட்டோர இடத்தின் விலை ஏறியது. கட்டட உரிமையாளர் குடும்பம் விற்க முடிவு செய்தது. கடைக்கு எழுத்து ஒப்பந்தம் எதுவும் பல காலமாக இல்லை. மாதாமாதம் வாடகை, ஒரு ரசீது. வழக்காடினால் சில வருஷம் இழுக்கலாம் என்றார்கள். வியாபாரிகள் சங்கப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி, ஒரு தொகைக்குக் காலி செய்வது என்று முடிந்தது. தொகையை எழுத வேண்டாம் என்றார்கள்.

2023 தொடக்கத்தில் கடை ரோட்டிலிருந்து 200 அடி உள்ளே, சந்துக்குள், 120 சதுர அடிக்கு மாறியது. பிஸ்கட், ஷாம்பு சரம், குளிர்பானம் எல்லாம் போயின. பருப்பு, அரிசி, எண்ணெய், மசாலாச் சாமான், பூஜைச் சாமான் மட்டும். பேரன் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான், ஞாயிறுகளில் வருகிறான்.

இடம் பார்க்கும்போது வாடகை பார்த்தோம், அகலம் பார்த்தோம், மீன்பாடி வண்டி நுழையுமா என்று பார்த்தோம். சந்து ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம் என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் கடைக்குள் நின்றது. கீழடுக்கில் இருந்த 14 அரிசி மூட்டையும் ஒன்பது பருப்பு மூட்டையும் போயின. காப்பீடு இல்லை. நோட்டை மட்டும் முதல் நாள் இரவே சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார் அண்ணாச்சி. அரிசியை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தூக்கினாராம்.

மறுபடி செய்வதானால்

அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். நோட்டை வருஷத்துக்கு ஒருமுறையாவது, ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிறு, ஆள் வகை பிரித்து எண்ணியிருப்பேன் என்றார். 2016 நவம்பரில் திறந்த பக்கங்களை 2017 பொங்கலுக்குள் மூடியிருப்பேன் என்றார். ஊரடங்கில் கொடுத்த கடனைப் பற்றிக் கேட்டபோது, அதை அப்படியேதான் செய்வேன் என்றார்.

என் பங்குக்கு: பற்றில் ஏறும் பொருளைப் பார்ப்பேன். தொகை ஒரு வீட்டின் நிலையைக் காட்டாது. லிஸ்ட் நின்று பிரெட்டும் முட்டையும் மட்டும் ஏறத் தொடங்கிய மாதமே அந்த வீடு கடையை விட்டுப் போகத் தொடங்கிவிட்டது. பாக்கியைக் கடை வாசலில், நாலு பேர் முன்னால், யாரிடமும் கேட்கக் கூடாது என்பதை வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் போடச் சொல்வேன். மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்க்காமல் இடம் பிடிக்க விடமாட்டேன். கீழடுக்குக்கு இப்போது இரண்டு அடி உயரத்தில் இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இன்றைய நிலை

கடை நடக்கிறது. காலை ஆறு முதல் பகல் ஒன்று, மாலை ஐந்து முதல் ஒன்பது. சனிக்கிழமை மட்டும் பத்தரை. அண்ணாச்சியும் அவர் மனைவியும் நின்று பார்க்கிறார்கள். பெரியவரின் பித்தளைப் படி கல்லாமேல் இருக்கிறது, அதற்குள் பேனாவும் கத்தரிக்கோலும். மொத்தக் கடை ஒன்று மறுபடி 15 நாள் தவணை கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.

போன மாதம் கணக்குக்காகப் போனபோது நோட்டைப் புரட்டினேன். 58 பக்கங்கள், தலைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் எழுதியிருக்கிறது. ஐஸ் ஃபேக்டரி சந்து என்று இரண்டு பக்கங்கள் உண்டு. மீன் விற்கும் அக்காவுக்கு அதில் பக்கம் இல்லை.